வண்ண மீன் கடைகள் பிழைக்குமா? – காரைக்காலில் இருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

காரைக்காலில் மீன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது குழம்புச் சட்டிதான். துறைமுகத்தில் ஐஸ் பெட்டியில் இறங்குகிற மீன் அது. இன்னொரு வகை மீனும் உண்டு. அது கடலில் இருந்து வருவதில்லை. ஆக்ஸிஜன் அடைத்த பாலித்தீன் பையில், தெர்மோகோல் பெட்டிக்குள் உட்கார்ந்து வெளியூரில் இருந்து வண்டியேறி வருகிறது. கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ், ஃபைட்டர்... இவற்றை விற்கும் சின்னச் சின்னக் கடைகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஆன்லைன் வியாபாரம் வந்த பிறகு இந்தக் கடைகள் பிழைக்குமா என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான். புத்தகக் கடை போகும், செல்போன் கடை போகும், ஆனால் உயிருள்ள மீனை கூரியரில் அனுப்ப முடியாது, அதனால் மீன் கடைக்கு ஒன்றும் ஆகாது! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழில் வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் நிலைமை அப்படி இல்லை என்பது புரியும்.

முதலில் தொட்டியின் கதை. 1850ல் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர், கண்ணாடிப் பாத்திரத்தில் கோல்டு ஃபிஷ், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் சேர்த்து வைத்தால் தண்ணீர் கெடாமல் நிற்கிறது என்று காட்டினார். 1853ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் "அக்வேரியம்" என்ற சொல்லைப் பரப்பியது. நம் ஊர்ப் பக்கம் அது வர அரை நூற்றாண்டு ஆனது. 1909ல் சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் பின்னால் இருந்தவர் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன். (தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் எழுதிய அதே தர்ஸ்டன்தான். அந்தத் தொகுதிகள் வெளிவந்ததும் அதே 1909ல்தான்!) இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. அங்கே மீனைப் பார்க்கலாம், வாங்க முடியாது.

மீன் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் இரண்டு சாதாரணப் பொருட்கள். ஒன்று சிலிக்கான் பசை. அதற்கு முன் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி மக்கு வைத்து அடைப்பார்கள். துருப் பிடிக்கும், ஒழுகும். 1960களில் சிலிக்கான் வந்ததும், கண்ணாடி வெட்டத் தெரிந்த எவரும் தொட்டி ஒட்டலாம் என்றானது. இரண்டாவது பாலித்தீன் பை. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்ஸிஜன், மேலே ரப்பர் பேண்ட். இவ்வளவுதான். ஆனால் தகர டின்னில் கப்பல் ஏறி, வழியெல்லாம் செத்துக்கொண்டே வந்த அமேசான் ஆற்று மீன், விமானத்தில் உயிரோடு வந்து இறங்கியது இந்தப் பையால்தான். அந்தப் பையை மறந்துவிட வேண்டாம், பின்னால் மறுபடி வரும்.

சென்னையில் செல்லப் பிராணி என்றால் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட். 1900ல் திறந்து 1985ல் தீயில் போன சந்தை. பிறகு வண்ண மீன் என்றாலே கொளத்தூர் என்றானது. அங்கே வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் பொரிக்க வைத்த குடும்பங்கள் ஏராளம். தொழில் பெருகி திருவள்ளூர் மாவட்டக் குளங்கள் வரை போனது. மீன் குஞ்சுக்குத் தீனியான டியூபிஃபெக்ஸ் புழுவைச் சென்னையின் சாக்கடைக் கால்வாய்களில் இருந்தே அள்ளி வந்தார்கள். தமிழ்நாட்டுச் சிறுநகரங்களின் மீன் கடைகளுக்கு இந்தக் கொளத்தூர்தான் ஊற்றுக்கண். 2000களில் "வாஸ்து மீன்" மோகம் வேறு சேர்ந்துகொண்டது. மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கிய ஃப்ளவர்ஹார்ன், தலையில் புடைப்போடு பல கடை கல்லாக்களின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. 2003ல் "ஃபைண்டிங் நீமோ" வந்ததும் குழந்தைகள் எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மீன் வேண்டியதாயிற்று.

சரி, கடைக்காரர் எதில் சம்பாதித்தார்? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். மீனில் அல்ல! ஒரு ஜோடி மோலியில் கிடைப்பது சில ரூபாய். அதற்குள் பஸ்ஸில் செத்தது, வந்த மறுநாள் வெள்ளைப்புள்ளி நோயில் போனது, இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் ஏர் பம்ப்பின் கரண்ட் பில் எல்லாம் அடக்கம். உண்மையான லாபம் தொட்டி, ஸ்டாண்டு, மூடி, விளக்கு, ஃபில்டர், கலர் கல், தீனி டப்பா, மருந்து பாட்டில் இவற்றில்தான். மீன் வாடிக்கையாளரைக் கடைக்குள் இழுக்கும், டப்பா வாடகையைக் கட்டும்.

ஃபிளிப்கார்ட் 2007ல் புத்தகம் விற்றுத் தொடங்கியது. 2010ல் பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2013ல் அமேசான் இந்தியாவுக்கு வந்தது. கிரெடிட் கார்டு இல்லாத சிறுநகரத்துக் கல்லூரி மாணவனும் அதன்பிறகு ஆர்டர் போட்டான். அவன் வாங்கியது மீனை அல்ல. தீனி, ஃபில்டர், எல்இடி விளக்கு! அதாவது ஆன்லைன் கடை லாபத்தை எடுத்துக்கொண்டு, சாகக்கூடிய சரக்கை மட்டும் உள்ளூர்க் கடையில் விட்டுவிட்டது. மீனை அனுப்ப முடியாது என்பது கடைக்காரருக்குப் பாதுகாப்பு இல்லை. அதுவே அவருடைய சுமை. உலகின் மிகப் பெரிய சில்லறை வியாபாரியான வால்மார்ட் கூட 2019ல் தன் அமெரிக்கக் கடைகளில் உயிர் மீன் விற்பதைக் கைவிட்டது. ஆனால் தீனியையும் தொட்டியையும் விடவில்லை.

விலையை மட்டும் நம்பிய வியாபாரம் என்ன ஆகும் என்பதைக் காரைக்கால் வேறு ஊர்களை விட நன்றாகவே அறியும். 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறும் வரை, சுற்றிலும் ஒரு நாடு, உள்ளே இன்னொரு நாடு. எல்லையில் சுங்கச் சாவடி, எல்லை இருந்ததால் கடத்தல். 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்து யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டான பிறகும், வரி வித்தியாசம் ஊரின் கடைத்தெருவுக்குச் சோறு போட்டது. நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து மக்கள் விலை குறைவு என்று பஸ் ஏறி இங்கே வந்தார்கள். 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்ததும் பெரும்பாலான பொருட்களில் அந்த வித்தியாசம் மறைந்தது. பெட்ரோலும் மதுவும் ஜிஎஸ்டிக்குள் வராததால் அவற்றில் மட்டும் பழைய கதை தொடர்கிறது. விலைக்காக வந்தவன் விலை போனதும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஆன்லைனும் அதே போன்ற ஒரு எல்லைதான். இந்த முறை எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது நம் கடை.

இப்போது பாலித்தீன் பைக்கு வருவோம். உயிர் மீனை அனுப்ப முடியாது என்பதே இன்று உண்மை இல்லை. கொளத்தூரில் இருந்து கடைக்கு வந்த அதே பை, இன்று நேராக வீட்டுக்கு வருகிறது. யூடியூபில் மீனைக் காட்டி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, பஸ் பார்சலில் போடுகிறார்கள். செத்து வந்தால் பையைப் பிரிக்காமல் வீடியோ எடுத்து அனுப்பினால் மாற்று மீன். 2020 ஊரடங்கில் கடைகள் அடைந்து கிடந்தபோது, வீட்டில் முடங்கிய பலருக்கு மீன் வளர்ப்பு ஆசை வந்தது. அந்தப் புதியவர்கள் கடையைப் பார்ப்பதற்கு முன்பே ஃபோனில் மீன் வாங்கப் பழகிவிட்டார்கள்.

அப்படியானால் கடையில் என்னதான் மிச்சம்? தண்ணீர்! காரைக்கால் காவிரியின் கடைமடை. கடலோரம் என்பதால் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பும் கடினமும் கலந்தது. மோலிக்கு அது பிடிக்கும், உப்பு நீரிலும் வாழும் இனம் அது. ஆனால் நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் காட்டின் மென்மையான, சற்றே அமிலமான நீரில் பிறந்த இனங்கள். வெளியூர்ப் பையில் இருந்து நேராக போர் தண்ணீரில் விழுந்தால் தாங்குவது கஷ்டம். உள்ளூர்க் கடையில் பத்து நாள் நீந்திய மீன், அந்த ஊர்த் தண்ணீரில் தேர்வு எழுதிப் பாஸான மீன். இந்த ஒன்றை எந்த இணையதளமும் விற்க முடியாது.

ஆனால் அந்த அறிவைக் கடைகள் ஒழுங்காக விற்றனவா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். புதுத் தொட்டியில் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். தொட்டியையும் பத்து மீனையும் ஒரே நாளில் கட்டிக்கொடுத்து அனுப்பியவர்கள் யார்? ஒரு அடி வளரக்கூடிய கோல்டு ஃபிஷ்ஷை உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தவர்கள் யார்? ஒரு வாரத்தில் மீன் செத்தது, "நமக்கு ராசி இல்லை" என்று வீட்டில் தொட்டியைக் கவிழ்த்து மாடியில் வைத்தார்கள். அப்படிப் போன வாடிக்கையாளர்களை ஆன்லைன் பறிக்கவில்லை. 2017 மே மாதம் மத்திய அரசு மீன் கடைகளுக்குக் கடுமையான விதிகளை அறிவித்தபோது தொழிலே போய்விடும் என்று கூக்குரல் எழுந்தது. பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது. கிண்ணங்கள் அப்படியே இருந்தன.

தப்பிக்கும் கடைகள் எவை என்பது ஓரளவு தெரிகிறது. தீனி டப்பாவை அடுக்கி வைத்து அச்சிட்ட விலைக்கு விற்கும் கடை நிற்காது. தொட்டியைத் தானே வெட்டி ஒட்டித் தரும் கடை நிற்கலாம், ஏனென்றால் நான்கடிக் கண்ணாடித் தொட்டியை உடையாமல் அனுப்புவது மீனை அனுப்புவதை விடக் கஷ்டம். பின்கட்டில் சிமெண்ட் தொட்டி கட்டி, இந்தத் தண்ணீருக்கு ஏற்ற மோலியையும் கப்பியையும் தானே பொரிக்க வைக்கும் கடையும் நிற்கலாம். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி, ஹோட்டல் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றப் போகிறவருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்து நாகை, காரைக்கால் பக்கம் கரண்ட் போனது. ஏர் பம்ப் நின்றால் நெருக்கமான தொட்டியில் மீன் சில மணி நேரத்தில் மேலே வந்து வாய் திறக்கும். பேட்டரி பம்ப் அப்போதே வேண்டும். அது இல்லாவிட்டால், தண்ணீரைக் குவளையில் மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்தப் பம்ப் அன்று ஆன்லைனிலும் கிடைத்திருக்கும், நான்கு நாள் கழித்து.