மறுவாழ்வு மருத்துவக் குழு

விபத்தாலோ பக்கவாதத்தாலோ இயக்கம் இழந்தவரை அன்றாட வாழ்வுக்குத் திரும்பக் கொண்டுவரப் பல துறையினர் சேர்ந்து இயங்கும் குழு. தமிழகத்தில் இதன் முன்னோடி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

திருப்பூர் பனியன் தொழிலில் இத்தகைய குழுவின் தேவை கண்கூடு. கட்டிங் மெஷினில் விரல் தசைநாண் அறுபட்டால் தையலோடு சிகிச்சை முடியாது. சீக்கிரம் இழுத்தால் தையல் விட்டுப்போகும். அசைக்காமலே வைத்தால் தசைநாண் ஒட்டிக்கொள்ளும். அந்த நடுவழியை அறுவை மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் கலந்தே முடிவு செய்ய வேண்டும். செயல்முறை சிகிச்சையாளர் கைக்குத் தாங்கி பொருத்தி, பட்டன் போடுவதில் தொடங்கிக் கத்தரி பிடிப்பதுவரை பழக்குகிறார். பயந்து மெஷின் பக்கமே போகாதவருக்கு மனநல ஆலோசகர் வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருப்பவருக்குச் சமூகப் பணியாளரே பெருந்துணை. வேலையில் காயம்பட்ட, காப்பீடு பெற்ற தொழிலாளருக்கு ஈ.எஸ்.ஐ. திட்டம் ஊதியத்தில் 90 சதவீதம் தருகிறது. அது கைக்கு வந்தால்தான் அவர் பயிற்சிக்குத் தொடர்ந்து வர முடியும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது.