அறக்கட்டளைப் பணமும் அமெரிக்கப் பொது ஒளிபரப்பும்

என் தந்தையின் இரும்புப் பெட்டியில் பழைய பத்திரங்களோடு வானொலி உரிமப் புத்தகம் ஒன்றும் இருந்தது. அஞ்சலகத்தில் பணம் கட்டி, தலை ஒட்டி, முத்திரை குத்தி வாங்கியது. வானொலி கேட்கக் கட்டணமா என்று இன்றைய மாணவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் பிரித்தானியாவில் பிபிசி நிறுவனம் நின்று நிலைத்தது அத்தகைய கட்டணத்தின் மேல்தான். அமெரிக்காவில் அந்தப் புத்தகம் என்றுமே இருந்ததில்லை. அங்கே காற்றலைகள் தொடக்கத்திலேயே விளம்பரதாரர் கைக்குப் போய்விட்டன. எஞ்சிய ஓரத்தில் கல்விக்கும் பண்பாட்டுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தவர்கள் தட்டிய கதவு, செல்வர்களின் அறக்கட்டளைகளுடையது.

1951-ல் ஃபோர்டு அறக்கட்டளை, முதியோர் கல்விக்கென ஒரு தனி நிதியத்தை உருவாக்கியது. மறு ஆண்டே அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 242 தொலைக்காட்சி அலைவரிசைகளைக் கல்விக்காக ஒதுக்கியது. ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினரான ஃபிரீடா ஹென்னாக் விடாப்பிடியாக வாதாடியிராவிட்டால் இவ்வளவு கிடைத்திருக்குமா என்பது ஐயமே. அலைவரிசை கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. வீட்டு மனையை இலவசமாகத் தந்துவிட்டுச் செங்கலுக்கு வழி சொல்லாத கதை. செங்கல் வாங்கித் தந்தது ஃபோர்டு பணம். நிலையங்களுக்குக் கருவிகளும், அவை பகிர்ந்துகொள்ளும் நிகழ்ச்சிகளும் அப்பணத்தில்தான் உருவாயின. 1949-ல் பெர்க்லியில் லூயிஸ் ஹில் தொடங்கிய கேபிஎஃப்ஏ வானொலி, விளம்பரமும் வேண்டாம், அரசும் வேண்டாம், கேட்போர் தரும் சந்தாவே போதும் என்ற கொள்கையோடு பிறந்தது. அந்த நிலையமும் 1951-ல் ஃபோர்டின் நிதியத்திடமிருந்து 1,50,000 டாலர் நல்கை பெற்றே மூச்சு விட்டது. இதைக் கொள்கைச் சறுக்கல் என்று நான் கருதவில்லை. பசித்தவனுக்குச் சோறு யார் வீட்டுச் சோறு என்பது இரண்டாவது கேள்வி.

ஆனால் கொடுத்தவர்களே இது நெடுநாள் நடக்கக் கூடாது என்று எண்ணினார்கள் என்பதுதான் இவ்வரலாற்றில் என்னை ஈர்க்கும் பகுதி. 1966 பிப்ரவரியில் வியட்நாம் போர் குறித்துச் செனட் குழுவின் முன் ஜார்ஜ் கென்னன் சாட்சியம் அளித்துக்கொண்டிருந்தபோது, சிபிஎஸ் நிறுவனம் அதை விட்டுவிட்டு ஒரு பழைய நகைச்சுவைத் தொடரை மறு ஒளிபரப்புச் செய்தது. அதன் செய்திப் பிரிவுத் தலைவர் ஃபிரெட் ஃபிரெண்ட்லி பதவியைத் துறந்தார்; ஃபோர்டு அறக்கட்டளையின் ஆலோசகரானார். அங்கே தலைவராயிருந்தவர் மக்ஜார்ஜ் பண்டி. வியட்நாம் போரை வகுத்தவர்களுள் ஒருவரான பண்டியும், அப்போரைப் பற்றிய விசாரணையை மக்கள் காணவேண்டும் என்று வேலையை விட்டவரும் ஒரே கூரையின் கீழ்! அந்த ஆண்டே இருவரும் அரசிடம் ஒரு திட்டத்தை வைத்தார்கள். செயற்கைக்கோள் வழி ஒளிபரப்பில் வணிக நிறுவனங்களுக்கு மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கு, பொதுத் தொலைக்காட்சிக்கு வரட்டும் என்பது அதன் சாரம். திட்டம் ஏற்கப்படவில்லை.

1967 ஜனவரியில் கார்னகி ஆணையத்தின் அறிக்கை வந்தது. ‘கல்வித் தொலைக்காட்சி’ என்ற பள்ளிக்கூட வாடையை நீக்கிப் ‘பொதுத் தொலைக்காட்சி’ என்ற பெயரை நிலைநாட்டியது அவ்வறிக்கையே. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியின் மீதும் 2 விழுக்காட்டில் தொடங்கி 5 விழுக்காடு வரை உயரும் வரி விதித்து, அத்தொகையை ஆண்டுதோறும் அரசியல்வாதிகளின் தயவை நாட வேண்டாத தனி நிதியத்தில் சேர்க்க வேண்டும் என்பது அதன் உயிரான பரிந்துரை. ஆணையம் விரைவில் கேட்டது. அரசும் விரைவில் செய்தது. அவ்வாண்டு நவம்பர் 7 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சன் பொது ஒளிபரப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பொது ஒளிபரப்புக் கழகம் பிறந்தது. வரி மட்டும் இல்லை. கழகத்தின் பணம் காங்கிரஸின் ஒதுக்கீட்டிலிருந்து வரும் என்றாயிற்று.

விளைவு தெரிய ஐந்தாண்டுகளே ஆயின. பொதுத் தொலைக்காட்சியின் அரசியல் செய்திகள் நிக்சனுக்கு உறுத்தின. 1972 ஜூன் 30 அன்று, கழகத்துக்கு இரண்டாண்டுகளுக்கு 15.5 கோடி டாலர் அளிக்கும் மசோதாவை அவர் தடுப்புரிமையால் நிறுத்தினார். அதிகாரம் ஓரிடத்தில் குவிகிறது என்பது வெளியே சொன்ன காரணம். அடுத்த ஆண்டு வாட்டர்கேட் விசாரணையை முழுமையாக, இரவு நேரத்தில் மறு ஒளிபரப்பும் செய்து மக்கள் வீட்டுக்குள் கொண்டு சேர்த்தது, அவர் நெரிக்க முனைந்த அதே பொதுத் தொலைக்காட்சி. பார்த்தவர்கள் தாமாகவே பணம் அனுப்பினார்கள்.

1975-ல், ஒதுக்கீட்டைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே தரும் சட்டம் வந்தது. கால் நூற்றாண்டில் சுமார் 29 கோடி டாலர் கொடுத்திருந்த ஃபோர்டு அறக்கட்டளை, இனி அரசு பார்த்துக்கொள்ளும் என்று படிப்படியாக விலகிக்கொண்டது.

அறக்கட்டளைப் பணம் களங்கமற்றது என்று சொல்ல வரவில்லை. நியூயார்க்கின் டபிள்யூநெட் நிலையம், அரசு ஊழியர் ஓய்வூதியம் பெரும் நெருக்கடியில் இருப்பதாகக் காட்டும் தொடர் ஒன்றுக்கு ஆர்னால்டு அறக்கட்டளையிடமிருந்து 35 இலட்சம் டாலர் பெற்றிருந்தது. அவ்வறக்கட்டளையோ ஓய்வூதியக் குறைப்புக்காகப் பணம் செலவிட்டு வந்தது. செய்தி வெளிப்பட்டதும் 2014 பிப்ரவரியில் நிலையம் தொகையைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. நிக்சன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். இங்கே விருந்து வைத்துத் தலைப்பு கொடுத்தார்கள். இரண்டாவது எனக்கு அதிக அச்சம் தருகிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

2025 ஜூலையில் காங்கிரஸ், முன்கூட்டியே ஒதுக்கியிருந்த இரண்டாண்டுத் தொகையான ஏறத்தாழ 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. 1975-ன் பாதுகாப்பு ஒரே வாக்கெடுப்பில் போயிற்று. ஆகஸ்டு தொடக்கத்தில் பொது ஒளிபரப்புக் கழகம் தன்னை மூடிக்கொள்வதாக அறிவித்தது. நைட், மெக்ஆர்தர், ஃபோர்டு உள்ளிட்ட அறக்கட்டளைகள் சேர்ந்து சுமார் 3.7 கோடி டாலர் தருவதாக முன்வந்தன. நலிந்த நிலையங்களுக்கான அந்த ஏற்பாட்டுக்குப் பாலம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1951-லும் அது பாலமாகத்தான் தொடங்கியது. மறுகரை எது என்பதை இம்முறை எவரும் சொல்லவில்லை.

அலாஸ்காவின் பெத்தேல் ஊரில் கேஒய்யூகே என்றொரு நிலையம். ஆங்கிலத்தோடு யூபிக் மொழியிலும் செய்தி சொல்வது. அதன் வருவாயில் ஏறத்தாழ 70 விழுக்காடு கழகத்திடமிருந்து வந்தது. 2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் எச்சம் அக்கடற்கரையைத் தாக்கிக் கிப்னக், குவிகிலிங்கோக் ஊர்களின் வீடுகளை அடித்துச் சென்றபோது, அந்நிலையத்தார் எச்சரிக்கைகளையும் மீட்புச் செய்திகளையும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தனர். நல்கை நின்று அப்போது சில நாட்களே ஆகியிருந்தன.