கர்ப்பகால நீரிழிவும் பச்சிளங்குழந்தை நலமும்

கர்ப்பகால நீரிழிவு என்பது கருவுற்றிருக்கும்போது முதன்முறையாகக் கண்டறியப்படும் இரத்தச் சர்க்கரை மிகுதி. தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியே கருவை அடைகிறது, இன்சுலின் அடைவதில்லை. எனவே கருவின் கணையம் தானே மிகுதியாக இன்சுலின் சுரக்கிறது. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் முன்வைத்த இவ்விளக்கமே இன்றும் அடிப்படை. மிகை இன்சுலினால் கரு பெருக்கிறது. பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளலாம். தொப்புள்கொடி துண்டிக்கப்பட்டதும் குளுக்கோஸ் வரத்து நிற்க, இன்சுலின் சுரப்பு தொடர்வதால், முதல் சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்டுவது இதனால் இன்றியமையாதது. மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, கால்சியக் குறைவு ஆகியவையும் நேரலாம்.

ஆனால் குழந்தையின் உடல்நிலையை அறியப் பிறப்பெடை மட்டும் போதிய அளவுகோலன்று. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 1990களில் அந்நகரை அடுத்த கிராமங்களில் தொடங்கிய தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு, எடை குறைந்த குழந்தைகளிடமும் கொழுப்பு ஒப்பளவில் மிகுந்திருப்பதைக் காட்டியது. இந்தியச் சூழலில் இது மிக முக்கியமான கண்டறிதல்.

கர்ப்பகால நீரிழிவைக் கண்டறியச் சென்னை மருத்துவர் வி. சேஷையா வலியுறுத்திய சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை: 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி 2 மணி நேரத்துக்குப் பின் 100 மி.லி. இரத்தத்தில் சர்க்கரை 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் உறுதி. இந்திய அரசின் வழிகாட்டுதலும் இம்முறையை ஏற்றுள்ளது.