மலையக மேடை பிறந்த கதை

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் உரக்கப் பேச ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது. அவர் தோட்டத்தை நிர்வகித்த துரை. விடியுமுன் தப்பு முழங்கினால் லயம் என்ற வரிசைக் குடியிருப்பைவிட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் சொல்கிற மலைக்கு வேலைக்குப் போக வேண்டும். வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் என்று வழக்கு. அப்படிப்பட்ட இடத்தில் தொழிலாளருக்கென்று ஒரு மேடை எழுந்ததற்கு முதற்காரணம் கோ. நடேசய்யர்.

1887இல் தஞ்சைச் சீமையில் பிறந்தவர். இலங்கைக்கு வந்தவர், தோட்டக் கதவு திறக்காது என்று கண்டதும் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார். மேடையில் பேசுமுன் லயத்தில் கேட்டார். தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டிருந்த கங்காணிக் கடனை அங்கேதான் கண்ணால் கண்டார். கடனோடு சேர்த்து ஆளையும் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது, கடன் ஒழியவில்லை.

‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளில் இவற்றை எழுதினார். சட்டசபையிலும் பேசினார். ஆனால் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாது. அவர்களிடம் போய்ச்சேர வாய்ச்சொல் வேண்டும்.

1931இல் மலையக நகரான ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் உருவானது. தோட்டத்துக்குள் கூட முடியாதவர்கள் டவுனில் கூடினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன், 1929இல், மலைநாட்டில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்றிருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதிலும் கைவைத்தார்கள். வயிற்றில் அடிபட்டவர்கள் முன்னால்தான் நடேசய்யர் பேசினார். தொழிலாளிக்கு அவன் உரிமையை எடுத்துச் சொன்னார். 1931இல் அவர் வெளியிட்ட ஒரு நூலின் பெயர் ‘நீ மயங்குவதேன்?’.

அந்த மேடையின் மறுபாதி அவர் துணைவி மீனாட்சி அம்மாள். கூட்டங்களில் பாரதியைப் பாடினார். தானே கட்டிய பாட்டுகளையும் பாடினார். சனங்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டு, அதற்குள் கூலியும் கொடுமையும் உரிமையும். 1940இல் அவை சிறுநூலாகவும் வந்தன. பேசுகிறவரைத் தோட்ட வாசலில் மறிக்கலாம். கூட்டத்திலிருந்து வீடு திரும்பும் பெண்ணின் வாயிலிருக்கும் பாட்டை எந்தக் கங்காணி மறிப்பான்? ஒரு பெண் மேடையேறிப் பாடியதே, கொழுந்துக் கூடை சுமந்த பெண்களுக்கு இந்தப் போராட்டம் தங்களுடையதும்தான் என்று சொல்லியிருக்கும்.

1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தம் புகழ்பெற்ற உரையை ஆற்றுமுன் பாடகி மஹாலியா ஜாக்சன் பாடினார். பாட்டும் பேச்சும் கைகோத்து உரிமை கேட்கும் அந்த வழியில், முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஹட்டன் நடந்திருந்தது.

நடேசய்யர் 1947இல் மறைந்தார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. ஆனாலும் அந்த மேடை சாயவில்லை. பின்வந்த தொழிற்சங்கங்கள் எல்லாம் அதில் ஏறித்தான் பேசின. இன்று அங்கே மைக் பிடிக்கிற ஒவ்வொருவரும் முதலில் லயத்துக்குப் போய்க் கேட்கட்டும். மீனாட்சி அம்மாளின் பாட்டுகளை மலையகப் பள்ளிக்கூடங்களில் நம் பிள்ளைகள் பாடட்டும்.