கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலையும் காசு கொடுத்து வாங்கும் கீரையும்



வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் ஒரு தம்ளர் பால், மறுபக்கம் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. "பாலைவிட ஏழு மடங்கு கால்சியம்" என்று கீழே எழுதியிருக்கிறது. "உண்மையா சார்?" என்று பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கணக்கு சரிதான். 100 கிராம் கறிவேப்பிலையில் 830 மில்லிகிராம் கால்சியம், 100 கிராம் பசும்பாலில் 120. வகுத்தால் ஏறக்குறைய ஏழு வரும். ஆனால் 100 கிராம் கறிவேப்பிலையை எந்த வீட்டில் ஒருவர் ஒரே நாளில் சாப்பிடுகிறார்? இந்த எண்கள் எங்கே பிறந்தன, எப்படி மாறின என்று தெரிந்துகொண்டால் இதுபோன்ற படங்களை எப்படிப் படிப்பது என்பதும் தெரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்கள் வருவதற்கு முன் இலைகளுக்கு வேறொரு மதிப்பு இருந்தது. சிறுபாணாற்றுப்படையில் ஓர் ஏழை வீடு வருகிறது. அந்த வீட்டுப் பெண் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். அடுத்தவர் பார்த்தால் கேவலம் என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். பெரும்பாணாற்றுப்படையில் இன்னொரு வீடு. அங்கே மாதுளம் பிஞ்சை வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடி தூவி, கறிவேப்பிலை சேர்த்து விருந்தினருக்கு வைக்கிறார்கள். கீரை என்றால் வறுமை, மணக்கும் இலை என்றால் விருந்து. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பாகுபாடு இது. "வெறும் கீரைதான் செய்தேன்" என்று விருந்தாளியிடம் கூச்சப்படும் வழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

இந்தப் பாகுபாட்டைக் கலைத்துப் போட்ட வேலை நம் நீலகிரி மலையில்தான் நடந்தது. 1918இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார். தீட்டிய அரிசியை நம்பி வாழ்ந்தவர்களை வாட்டிய நோய் அது. அந்த ஓர் அறைதான் வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஆயிற்று. 1935இல் டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட் அதன் இயக்குநராக வந்தார். 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைப் பட்டியலிட்டு ஒரு சிறு நூல் வெளியாயிற்று. அரிசி, பருப்பு, காய், கிழங்கு, கீரை என்று நம் அடுப்பில் வேகும் பொருள்களை ஆய்வுக்கூடத்தில் அளந்து, எண்ணாக எழுதி வைத்தார்கள்.

அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்குப் போயிற்று. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சி. கோபாலனும் உடன் பணியாற்றியவர்களும் 1971இல் பட்டியலைப் புதிதாக விரித்து எழுதினார்கள். 1989இல் அது திருத்தப்பட்டது. வீட்டு அறிவியல் படித்தவர்களுக்கு இந்த நூல் நன்கு பழக்கம். வாட்ஸ்அப் படத்தின் 830 என்ற எண்ணும் அதில் உள்ளதுதான்.

திருத்தப்பட்ட பட்டியலிலிருந்து சிலவற்றை எடுத்துத் தருகிறேன். எல்லாம் 100 கிராம் பச்சை இலைக்கு. வரிசை: கால்சியம் (மில்லிகிராம்), வைட்டமின் சி (மில்லிகிராம்), கரோட்டின் (மைக்ரோகிராம்).

அகத்தி: 1130, 169, 5400
முருங்கைக்கீரை: 440, 220, 6780
முளைக்கீரை: 397, 99, 5520
பாலக்: 73, 28, 5580
கறிவேப்பிலை: 830, 4, 7560
கொத்தமல்லி: 184, 135, 6918
புதினா: 200, 27, 1620

ஒப்பிட்டுப் பார்க்க முட்டைக்கோஸ்: 39, 124, 120.

வேலி ஓரத்து அகத்தியும் கொல்லைப்புறத்து முருங்கையும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். துவாதசிக்குச் சமைத்துவிட்டு மீதியை மாட்டுக்குப் போடும் அகத்தி, கால்சியத்தில் முதலிடம். கடைக்காரர் கொசுறாக வைக்கும் கொத்தமல்லி, கரோட்டினில் முருங்கையையே முந்துகிறது. தட்டின் ஓரத்தில் நாம் ஒதுக்கி வைக்கும் கறிவேப்பிலை, கரோட்டினில் எல்லாவற்றுக்கும் மேலே.

இனி அளவுக்கு வருவோம். ஒருவர் ஒரு வேளைக்கு 50 கிராம் முருங்கைக்கீரை சாப்பிடுவது கடினமில்லை. அதில் 220 மில்லிகிராம் கால்சியம். தாளிக்கப் போடும் ஓர் இணுக்குக் கறிவேப்பிலை 2 கிராம் என்று வைத்துக்கொண்டால் 17 மில்லிகிராம்தான். அதையும் ஒதுக்கிவிட்டால் அதுவும் இல்லை. 200 மில்லி பாலில் 240 கிடைக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். ஆக, கிராமுக்குக் கிராம் கறிவேப்பிலை வெல்லலாம், தட்டுக்குத் தட்டு கீரைதான் வெல்லும்.

கொத்தமல்லியின் கதை கொஞ்சம் வேறு. ரசத்தில் நாலு இலை மிதந்தால் மணம் மட்டுமே. ஆளுக்கு 20 கிராம் வருகிற மாதிரிப் பச்சையாகச் சட்னி அரைத்தால் 27 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைக்கும். வேகவைத்தால் அழிந்துபோகும் சத்து அது, பச்சையாக அரைப்பதால் தங்குகிறது. மணத்துக்குப் போடும் இலையைத் துவையலாகவோ சட்னியாகவோ ஆக்கிவிட்டால் அதுவும் கீரைக்கணக்கில் சேர்ந்துவிடும். கறிவேப்பிலைப் பொடியும் புதினாத் துவையலும் அப்படித்தான்.

மேலே உள்ள பட்டியலில் இரும்புச்சத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

1971 நூலில் 100 கிராம் முளைக்கீரைக்கு 25.5 மில்லிகிராம் இரும்பு என்று இருந்தது. கொத்தமல்லிக்கு 18.5. முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் 7. திருத்தப்பட்ட நூலில் முளைக்கீரை 3.49, கொத்தமல்லி 1.42, கறிவேப்பிலை 0.93, முருங்கை 0.85 என்று இறங்கிவிட்டன. கீரை மாறவில்லை, அளந்த விதம் மாறியது. தரையோடு வளரும் இலையில் ஒட்டியிருக்கும் மண்ணின் இரும்பும் கீரையின் இரும்பாகவே கணக்கில் ஏறிவிடும். 2017இல் நாடு முழுவதிலுமிருந்து மாதிரிகள் எடுத்து 528 உணவுகளுக்குப் புதிய அட்டவணை வெளியிட்டபோது, முருங்கைக்கும் முளைக்கீரைக்கும் நாலரை மில்லிகிராம் அளவில் வந்தது. எப்படிப் பார்த்தாலும் பழைய 25 திரும்பி வரவே இல்லை.

ஆனால் நம் ஊர்ப் பேச்சிலும் சுவரொட்டியிலும் இன்னும் பழைய எண்தான் உலவுகிறது. அதனால் என்ன நட்டம்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. வயதுவந்த பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 50 கிராம் முளைக்கீரையில், புதிய கணக்குப்படி, இரண்டேகால் மில்லிகிராம்தான் இருக்கிறது. நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் பள்ளியில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம். சில பிள்ளைகள் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். கேட்டால், "வீட்ல முருங்கைக்கீரை செய்யறாங்க டீச்சர், மாத்திரை வேண்டாம்னு அம்மா சொன்னாங்க" என்பார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் போய்ச் சேர்ந்தது பழைய எண். கீரை வேண்டும், மாத்திரையும் வேண்டும் என்று நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கரோட்டினுக்கும் இப்படி ஒரு திருத்தம் உண்டு. மாலைக்கண் நோயால் குழந்தைகள் பார்வை இழந்த காலத்தில், 1970 வாக்கில், ஐதராபாத் ஆய்வாளர்கள் ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்கு முளைக்கீரை கொடுத்து, அதிலுள்ள கரோட்டின் உடலில் சேர்கிறது என்று காட்டினார்கள். பெரிய நம்பிக்கை பிறந்தது. 1995இல் இந்தோனேசியாவில் பாலூட்டும் தாய்மாருக்குக் கீரை கொடுத்துப் பார்த்த ஆய்வில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அதுவரை ஆறு பங்கு கரோட்டின் ஒரு பங்கு வைட்டமின் ஏ ஆகும் என்று கணக்கிட்டு வந்தார்கள். 2001இல் அமெரிக்க மருத்துவக் கழகம் பன்னிரண்டு பங்கு வேண்டும் என்று மாற்றியது. ஒரே வரியில் மதிப்பு பாதியாயிற்று.

அப்படியானால் கீரை ஏமாற்றுகிறதா? இல்லவே இல்லை. பாதியாக்கிய பிறகும் 50 கிராம் முருங்கைக்கீரை 280 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ அளவுக்குத் தருகிறது. அந்த விலைக்கு வேறெதுவும் அவ்வளவு தராது. திருத்தம் என்பது எண்ணுக்குத்தான். அறிவியல் தன் கணக்கைத் தானே அடித்துத் திருத்திக்கொள்வதைப் பார்த்து நாம் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பழைய விடைத்தாளையே பிடித்துக்கொண்டு நிற்பதுதான் ஆபத்து.

சமையலறைக்கு நாலு வரி சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: கீரையை நன்றாக அலசுங்கள், பிறகு நறுக்குங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். கடைந்து சாப்பிடும் நம் வழக்கம் நல்ல வழக்கம்.

இரண்டு: கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ சேருங்கள். கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் ஏறும்.

மூன்று: கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய், பச்சைக் கொத்தமல்லிச் சட்னி என்று ஏதாவது ஒன்று இருக்கட்டும். வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்க உதவும். சாப்பிட்ட உடனே காப்பி, டீ வேண்டாம், அவை தடுக்கும்.

நான்கு: ஒரே கீரையையே வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குங்கள். பாலக்கிலும் முளைக்கீரையிலும் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்த முறை அந்தப் பால் தம்ளர் படம் வந்தால், "எத்தனை கிராம்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டு அனுப்புங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் வயல் வரப்பில் பறிக்கும் கீரைகளின் பெயர்களையும் கீழே எழுதுங்கள். கடையில் கிடைக்காத பல பெயர்கள் நம் வீட்டுப் பெரியவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன, எழுதி வைப்போம்.