கண்காணிப்பும் மருத்துவமும்: மார்ஷல் தீவுகள் தரும் பாடம்

கோவளத்தில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்காவிலிருந்து தெற்கே நீளும் கடற்கரை, மாமல்லபுரத்தின் கற்கோயில்களையும் சதுரங்கப்பட்டினத்தின் டச்சுக் கோட்டையையும் கடந்து கல்பாக்கத்தை அடைகிறது. இங்குச் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983ஆம் ஆண்டிலும் இரண்டாவது உலை 1985ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. அணு உலைகளை அடுத்து வாழும் மக்களின் உடல்நலத்துக்கு யார் பொறுப்பு என்று வினவுவோர், பசிபிக் பெருங்கடலிலுள்ள மார்ஷல் தீவுகளின் வரலாற்றை அறிதல் நன்று. அணுகுண்டுச் சோதனையும் மின் உற்பத்தியும் ஒன்றல்ல. அங்கு நிகழ்ந்த பேரழிவு இங்கு நிகழவுமில்லை. எனினும் கதிர்வீச்சுக்கு உட்பட்ட மக்களிடம் அரசு எவ்வாறு நடந்துகொள்ளலாகாது என்பதற்கு அத்தீவுகளே சான்று.

1954 மார்ச் 1 அன்று பிக்கினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டொன்றை வெடித்தது. ராங்கலாப் தீவில் வெண்சாம்பல் பொழிந்தது. இரண்டு நாட்களுக்குப் பின்னரே அம்மக்கள் வெளியேற்றப்பட்டனர். அதற்குள் வாந்தியும் தோற்புண்ணும் முடியுதிர்வும் தொடங்கியிருந்தன. அடுத்த மாதமே பிரதமர் நேரு, இத்தகைய சோதனைகளை நிறுத்திவைக்குமாறு மக்களவையில் வேண்டினார்.

1957இல் ராங்கலாப் மக்கள் ஊர் திரும்ப அனுமதிக்கப்பட்டனர். புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தின் மருத்துவர்கள் ஆண்டுதோறும் வந்து அவர்களைச் சோதித்தனர். அம்மக்கள் அங்கு வாழ்வது, மனிதர் மீதான கதிர்வீச்சைப் பற்றி மதிப்புமிக்க தரவுகளைத் தரும் என்று அக்குழுவின் அறிக்கையிலேயே எழுதப்பட்டது. 1963இல் தைராய்டுக் கட்டிகள் தென்படலாயின. வெடிப்பின்போது ஒரு வயதுக் குழந்தையாயிருந்தவர் 1972இல் இரத்தப் புற்றுநோயால் மாண்டார். தைராய்டுக் கட்டிகளுக்கு அறுவை மருத்துவம் அளிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் தம்மை நோயாளிகளாகக் கருதாமல் ஆய்வுப்பொருளாகவே கருதினர் என்னும் மனக்குறை தீவினரிடம் வேரூன்றியது; பரிசோதனைக்கு அவர்கள் உடன்பட மறுத்ததும் உண்டு. 1985இல் அவர்கள் தாமே ஊரைத் துறந்தனர். 1986ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அமெரிக்கா 15 கோடி டாலர் நிதி அளித்தது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழங்கிய தொகைகளோ அந்நிதியை மிகப் பன்மடங்கு விஞ்சின.

நம் கரைக்கு வருவோம். 2003 ஜனவரியில் கல்பாக்கத்தின் எரிபொருள் மறுசெயலாக்க ஆலையில் ஊழியர் அறுவர் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். ஊழியர்க்குத் தனித்தனியே கதிர்வீச்சளவுப் பதிவு உண்டு. நகரியத்தில் மருத்துவமனையும் உண்டு. சுற்றுப்புற மக்கள் பெறும் அளவோ நீர், மீன், பால் முதலியவற்றின் மாதிரிகளைக் கொண்டு பொதுவாகவே கணிக்கப்படுகிறது. அது வரம்புக்கு மிகக் கீழே உள்ளதென்பது அணுசக்தித் துறையின் நிலைப்பாடு. இக்கரையின் மணலில் மோனசைட் கனிமமும் கலந்திருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சும் இங்குச் சற்று மிகுதி. எது இயற்கையால் வந்தது, எது உலையால் வந்தது, எது இரண்டுமன்று எனப் பிரித்தறிய வேண்டுமெனில், தலைமுறை கடந்து பேணப்படும் உடல்நலப் பதிவேடு இன்றியமையாதது.

2010ஆம் ஆண்டின் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம், உடற்காயத்துக்கு உரிமை கோர 20 ஆண்டு எல்லை வகுத்தது. ராங்கலாபில் முதற்கட்டி தோன்றவே ஒன்பதாண்டுகள் ஆயின. கதிர்வீச்சால் விளையும் புற்றுநோய்கள் பல பதிற்றாண்டுகள் கடந்தும் வெளிப்படுவதுண்டு. சட்டத்தின் காலக்கணக்கும் உடலின் காலக்கணக்கும் வேறு வேறு.

உஸ்மானியப் பேரரசின் சட்டத்தொகுப்பான மஜல்லாவின் 87ஆம் விதி, ஃபிக்ஹு அறிஞர்களின் பழைய நெறியொன்றைச் சுருங்கக் கூறுகிறது: ஆதாயம் எவருக்கோ, அதன் சுமையும் அவருக்கே. மின்சாரத்தின் பயன் நாடு முழுமைக்கும் உரியதெனில், அதன் அண்டை ஊர்களைப் பேணும் கடனும் நாடு முழுமைக்கும் உரியது. கதிர்வீச்சை அளப்பது கடமையின் தொடக்கமே. அளந்ததை அம்மக்களிடமே ஒப்படைப்பதும், நோயுற்றோர்க்குக் கால எல்லையின்றி மருத்துவம் அளிப்பதும் அதன் நிறைவு. அத்தரவுகள் அம்மக்களின் அமானிதம். அவற்றை உரியவரிடம் சேர்க்குமாறு கேட்பது நம் உரிமை மட்டுமன்று, பொறுப்புமாகும்.