இருமலை அடக்கிய மருந்து



1898-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி ஹெராயினை இருமல் மருந்தாக விற்றது. காசநோய் பரவிக்கிடந்த காலம். இருமல் அடங்கியது, பழக்கம் ஒட்டிக்கொண்டது. 1913-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள்.

அபின் வகை மருந்துகள் இருமலோடு மூச்சையும் மட்டுப்படுத்தும். இருமாவிட்டால் சளி நுரையீரலில் தேங்கும். புகையாக இழுத்தால் மூச்சுக்குழாய் கெடும். அளவு மீறினால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும்.

என் மாணவன் ஒருவன் பையில் எப்போதும் இருமல் மருந்து பாட்டில் இருக்கும். சளி என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவன் அதற்கு அடிமை. அன்றே கேட்டிருக்கலாம்.

நம் அடையாறிலேயே, சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் தொடங்கிய போதை மீட்பு மருத்துவமனை இருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் பையில் அந்த பாட்டிலைப் பார்த்தால், திட்டாமல் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், நங்கநல்லூர்